கவினுக்கு எந்த ஹெல்மெட்?

போன வாரம் படகுத்துறையில் என்னைப் பார்த்ததும் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அக்கா, நின்னு ஓட்டுற ஜெட் ஸ்கீக்கு எந்த ஹெல்மெட் நல்லது? சுருக்கமாச் சொல்லுங்க." கடைக்காரரிடம் கேட்டிருந்தால் உடனே ஒரு பெட்டியை எடுத்து நீட்டியிருப்பார். நான் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பேருந்தில் வரும்போது முழுக்க அதே நினைப்பு. இனி மீட்புப் படகில் நான் உட்காரப் போவதில்லை, நீங்கள்தான் உட்காரப் போகிறீர்கள். அதனால் கவினுக்கு நடந்ததை ஒழுங்காக எழுதித் தருகிறேன். பதில் அதற்குள் இருக்கிறது. சுருக்கமாக இருக்காது.

நிற்கிற வண்டியும் உட்கார்கிற வண்டியும் வேறு வேறு என்பது உங்களுக்குத் தெரியும். உட்கார்கிற வண்டியில் இருந்து விழுபவர் பெரும்பாலும் பக்கவாட்டில் சறுக்கி விழுவார். நிற்கிற வண்டியில் முன்னால் இருக்கிற கைப்பிடித் தண்டு ஒரு கீலில் மேலும் கீழும் அசையும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறவரின் தாடை எப்போதும் தண்டுக்கு நேர் மேலே இருக்கும். வண்டியின் மூக்கு தண்ணீரில் குத்தினால் தண்டு மேலே எகிறும், ஆள் முன்னால் போவார். இரண்டும் சந்திக்கிற இடம் முகம். அதனால்தான் இந்த வண்டிக்காரர்களில் பாதிப் பேருக்கு முன்பல் உடைந்திருக்கும். கவினுக்கும் உடைந்திருந்தது.

கவின் மீனாட்சிபுரத்துக்காரன். மாடும் தென்னையும் வைத்திருக்கிற குடும்பம். ஊருக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட கல்குழி ஒன்றில் தேங்கிய தண்ணீரில் தானாகவே ஓட்டக் கற்றுக்கொண்டவன். காற்று இல்லை, அலை இல்லை, வேறு படகு இல்லை. அந்தத் தண்ணீரில் அவன் செய்கிற வித்தையைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் மேலாளர், விடுமுறைக் காலத் தொடக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு காட்சி நடத்த அவனை அழைத்தார். பால் கேன் ஏற்றுகிற வண்டியில் ஜெட் ஸ்கீயை ஏற்றிக்கொண்டு, ஏலப்பாறை வழியாகத் தேயிலைச் சரிவுகளைத் தாண்டி எங்கள் நீர்த்தேக்கத்துக்கு வந்து இறங்கினான். கூடவே அவனுடைய அக்கா பூங்கொடி. பண்ணையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். தம்பியை இவ்வளவு தூரம் தனியாக விட மனம் வரவில்லை என்று வண்டியை அவரே ஓட்டி வந்திருந்தார்.

அப்போது மிதவைச் சட்டை, ஹெல்மெட், கயிறு எல்லாவற்றையும் பார்த்து, தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. கவின் வண்டியை இறக்குவதற்கு முன்பே ஹெல்மெட்டை எடுத்துக் காட்டினான். மண்பாதையில் பைக் பந்தயம் ஓட்டுகிறவர்கள் போடுகிற வகை. நீண்ட தாடைப்பகுதி, நெற்றிக்கு மேல் அகலமாக நீட்டிக்கொண்டிருக்கிற மறைப்பு, உள்ளே தடித்த பஞ்சு. பளபளவென்று இருந்தது.

"இதை இங்க போடக் கூடாது தம்பி" என்றேன்.

"ஏனுங்க அக்கா, இதுல என்னங்க குத்தம்? இதப் போட்டுத்தானுங்க இத்தன நாளா ஓட்டிட்டு இருக்கறன்."

பூங்கொடியும் சேர்ந்துகொண்டார். "ரோட்டுல போடறது மாதிரி கனமா இருந்தாத்தானுங்க தலைக்குப் பத்திரம்? இவனுக்குப் பல்லு போனது போதுமுங்க."

மேலாளர் வேறொரு கட்சி. எங்கள் அறையில் தொங்குகிற, காதுக்கு மேலே வரைக்கும் மட்டும் மூடுகிற சின்ன ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைப் போடட்டும், முகம் தெரியணும். படம் எடுக்க ஆள் வருது" என்றார்.

மூன்று பேர், மூன்று நியாயம். யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. பூங்கொடிக்குத் தம்பியின் தலை முக்கியம். மேலாளருக்கு அந்தப் பருவத்தின் வியாபாரம் முக்கியம், அதில்தான் நம் எல்லோருடைய சம்பளமும் இருக்கிறது. கவினுக்கோ பழகிய பொருள் தருகிற தைரியம். அதைப் பிடுங்கிவிட்டு ஒருவனைத் தண்ணீரில் இறக்குவதும் ஆபத்துதான்.

நான் வாதம் செய்யவில்லை. அவனுடைய ஹெல்மெட்டை வாங்கி, அதன் வாரில் நீளமான கயிறு ஒன்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை அவன் கையிலேயே கொடுத்து மீட்புப் படகில் ஏற்றினேன். படகை ஓட்டியவன் பிஜு. என்னோடு வெகுகாலம் வேலை செய்தவன். எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவான்.

"கயித்தை விட்டுறாதே" என்று கவினிடம் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைத் தண்ணீரில் எறிந்து, வேகம் கூட்டச் சொல்லிப் பிஜுவுக்குக் கை காட்டினேன்.

ஹெல்மெட் முதலில் தண்ணீர் மேல் துள்ளித் துள்ளி வந்தது. கவின் என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த கணம் அது கவிழ்ந்தது. மறைப்பும் தாடையும் சேர்ந்து தண்ணீரை வாரி அள்ளின. கயிறு அவனைப் படகின் பின்விளிம்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் பின்னால் சட்டையைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பான். பிஜு வேகத்தைக் குறைத்ததும் கவின் தன் உள்ளங்கையைப் பார்த்தான். கயிறு தடம் போட்டிருந்தது.

"உன் கழுத்து இந்தக் கயிறுன்னு வச்சுக்க" என்றேன்.

ஹெல்மெட்டை மேலே இழுத்தபோது அதைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. பஞ்சு முழுக்கத் தண்ணீர்.

அடுத்தது, முகம் தெரிகிற சின்ன ஹெல்மெட். அது தண்ணீரை அள்ளாது. ஆனால் தாடைக்கு ஒன்றும் இல்லை. கல்குழியில் பல்லைக் கொடுத்தவன், காற்றடிக்கிற இந்த நீர்த்தேக்கத்தில் எதைக் கொடுப்பான்? மேலாளரிடம் முடியாது என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?" என்றார். "படம் எடுக்கிறவங்ககிட்ட அவனோட பேரைப் பெரிசாப் போடச் சொல்லுங்க சார்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அறையில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. சைக்கிளில் மலைச்சரிவு இறங்குகிறவர்கள் போடுகிறது. முகம் முழுக்க மூடும், ஆனால் எடை குறைவு. தாடைப் பகுதியில் பெரிய பெரிய துளைகள். பஞ்சும் கொஞ்சம்தான். காதருகே திறப்பு உண்டு. காதை இறுக அடைத்துவிட்டால் தண்ணீரில் பக்கவாட்டாக விழும்போது தண்ணீர் அறைகிற அழுத்தத்தில் செவிப்பறை கிழியும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நெற்றி மறைப்பை நானும் பிஜுவும் திருகாணியைக் கழற்றி எடுத்துவிட்டோம். அதையும் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தோம்.

"இதும் இழுக்குதுங்களே" என்றான் கவின்.

"இழுக்கும். ஆனா பிடிச்சு வச்சுக்காம விட்டுருது, பார்த்தியா?"

அவன் மறுபடி கயிற்றைக் கவனித்தான். "ஆமாங்க, உட்டுருது."

பிறகு அளவு. தலையில் மாட்டி, வாரைப் பூட்டி, தாடைப்பகுதியைப் பிடித்து ஆட்டினேன். ஹெல்மெட்டோடு கன்னத்துச் சதையும் சேர்ந்து அசைய வேண்டும். அசையவில்லை. தளர்ச்சி. கன்னத்துக்குத் தடித்த திண்டு தேடி எடுத்து மாட்டினோம். பின்னால் இருந்து மேலே தூக்கி முன்பக்கமாகக் கழன்று வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த கையுறையோடு அவனே வாரைக் கழற்ற வேண்டும் என்றேன். அழுத்தினால் திறக்கிற பூட்டு அது. முதல் முயற்சியிலேயே திறந்தான். பூங்கொடி அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர், பக்கத்தில் வந்து அதைத் தட்டிப் பார்த்தார். "சட்டி மாதிரி இருக்குதுங்க. தாங்குமுங்களா?"

"தாங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. மத்த ரெண்டையும் விட இது மேல்."

ஒருவரை நம்ப வைக்க வேண்டும் என்பதற்காக அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொல்லாதீர்கள்.

மறுநாள் மதியம் காட்சி. கரையில் நல்ல கூட்டம். நானும் பிஜுவும் மீட்புப் படகில் காத்திருந்தோம். கவின் ஓட்டும்போது சுற்றுலாப் படகுகள் எல்லாம் துறையில் கட்டிக் கிடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கரைக்குப் போன ஒரு படகு மட்டும், ஏதோ ஒரு பயணிக்குத் தலைசுற்றல் என்று தாமதமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் பெரிய படகு, பின்னால் அலை விட்டுக்கொண்டே வந்தது. மலையில் இருந்து காற்றும் இறங்கத் தொடங்கியிருந்தது.

"சேச்சி, காற்று மாறுது" என்றான் பிஜு. நான் நிறுத்தச் சொல்லிச் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். கவின் அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பும்போது அந்த அலை அவனுக்கு முன்னால் இருந்தது. கல்குழியில் அவன் பார்த்திராத அலை. அதன் மேல் ஏறி எகிறினான், இறங்கும்போது மூக்கு குத்தியது. தண்டு மேலே வந்து தாடையில் அடித்த சத்தம் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி எனக்குக் கேட்டது.

வண்டி நின்றது. ஆள் விழுந்தால் எஞ்சினை அணைக்கிற, அவன் கையில் கட்டியிருந்த கயிறு அதன் வேலையைச் செய்தது. கவின் மிதந்தான், முகம் தண்ணீருக்குள். கை அசையவில்லை.

பிஜு படகைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளி எஞ்சினை அணைத்தான். நான் குதித்தேன். பின்னால் இருந்து தலையையும் தோளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி ஒரே திருப்பில் மல்லாத்தினேன். தாடையின் துளைகள் வழியாகத் தண்ணீர் கொட்டியது. இருமினான். அந்த இருமலைக் கேட்டதும் எனக்குள் ஏதோ தளர்ந்தது. தளரக் கூடாது என்று உடனே தெரிந்தது.

"கவின், நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதுங்..."

"கையை அசை."

வலது கை விரல்கள் அசைந்தன. "இடது கை மரத்துப் போச்சுங்கக்கா" என்றான்.

கழுத்து. அந்த ஒரு சொல்தான் தலைக்குள் ஓடியது. மூச்சு விடுகிறான், பேசுகிறான். அப்படியானால் ஹெல்மெட்டைத் தொடக் கூடாது. தலை அசையாமல் பலகையில் ஏற்றி, கட்டி, படகின் தட்டையான முன்பகுதியில் கிடத்தினோம். பிஜு துறையை நோக்கித் திருப்பினான். காற்று வலப்புறமாக எதிர்த்து அடித்தது. ஒவ்வொரு அலையிலும் படகு குலுங்கியது. நான் மண்டியிட்டு, அவன் தலையை என் இரண்டு முன்னங்கைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துறையில் இருந்து மேலாளர் ஒலிபெருக்கியில் கத்தினார்: "ஹெல்மெட்டைக் கழட்டுங்க! மூச்சு விடட்டும்!" கூட்டமும் அதையே கத்தியது. எல்லாக் குரலையும் மீறிப் பூங்கொடியின் குரல்: "கழட்டுங்க அக்கா! என்ற தம்பிக்கு மூச்சு முட்டுமுங்க!"

நான் கழற்றவில்லை. கரையில் இருக்கிறவர்களுக்கு அவன் மூச்சு கேட்காது. எனக்குக் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் யார் என்ன கத்தினாலும் என் கை அங்கேயே இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பாதி வழியில் அவன் வாந்தி எடுத்தான். இரத்தமும் சேர்ந்து வந்தது. பலகையோடு ஒருக்களித்துச் சாய்த்தேன். கொஞ்சம் வெளியேறியது, மீதி உள்ளேயே நின்றது. அடிபட்ட வேகத்தில் ஹெல்மெட் பின்னால் தள்ளப்பட்டு, அதன் தாடைப்பகுதி உதட்டோடு ஒட்டியிருந்தது. விரலை விட்டுத் துடைக்கப் பார்த்தேன், இடம் இல்லை. தாடை வேறு வீங்கிக்கொண்டே வந்தது. மூச்சில் களகளவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் பயங்கரமாக இருந்தது. பிறகு அது நின்றது. நின்றதுதான் அதைவிடப் பயங்கரம்.

துறை இன்னும் தூரத்தில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்கு நான்கு கை வேண்டும், இரண்டு கழுத்தைத் தாங்க, இரண்டு ஹெல்மெட்டை இழுக்க. மற்ற இரண்டு கைகள் படகை ஓட்டிக்கொண்டிருந்தன.

"பிஜு, ஸ்டியரிங்கை விடு. இங்கிட்டு வா."

"சேச்சி, அங்க மரக்குத்தி நிக்குது!"

நீர்த்தேக்கத்தில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களைச் சொன்னான். இடதுபுறம் வரிசையாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்போதும் நிற்கின்றன, நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். எஞ்சினை அணைத்தால் காற்று எங்களை நேராக அங்கேதான் தள்ளும்.

"முட்டட்டும். வெரசா வா."

அவன் கவினைப் பார்த்தான். "எடுக்கண்டா சேச்சி... கழுத்து" என்றான். கழற்ற வேண்டாம் என்று கெஞ்சினான். சரியான பயம்தான் அது. நானே அதுவரைக்கும் அந்தப் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மூச்சு நின்னுருச்சுடா."

எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான். குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளையும் கவினின் கழுத்துக்கு அடியில் கொடுத்து ஏந்தினான். நான் பூட்டை அழுத்தினேன். திறந்தது. பழைய ஹெல்மெட்டாக இருந்தால் இரண்டு வளையத்துக்குள் கோத்து நனைந்து இறுகிய வாரை நான் அறுத்துக்கொண்டிருந்திருப்பேன். இரண்டு பக்கமும் விரித்து, மூக்கைத் தாண்டுகிற அளவுக்கு மட்டும் சாய்த்து, நேராக இழுத்தேன். பாதி வந்தபோது படகு மரத்தில் மோதியது.

நான் பக்கவாட்டில் சரிந்தேன். ஹெல்மெட் என் கையோடு வந்துவிட்டது. கவினின் தலை என்ன ஆனது என்று பார்க்கவே எனக்குத் துணிவு இல்லை. பார்த்தேன். பிஜுவின் கைகளுக்குள் அப்படியே இருந்தது, ஒரு நூல் கூட அசையாமல். பிஜுவின் முழங்கை இரண்டும் தோல் உரிந்து, தரையில் இரத்தம். அவன் உடம்பு முழுவதும் முன்னால் போயிருக்கிறது, கை மட்டும் போகவில்லை.

வாயைத் துடைத்து, எல்லாம் சேர்த்து ஒருக்களித்தோம். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை துடைத்தேன். அடைப்பு விலகிய குழாய் மாதிரி ஒரு இழுப்பு, பிறகு இன்னொன்று. மூச்சு வந்தது.

பின்னால் வந்த சுற்றுலாப் படகு மெதுவாக எங்களை நெருங்கிக் கயிறு வீசியது. அதன் ஓட்டுநர் அழுதுகொண்டிருந்தார். "மெதுவா இழுங்க அண்ணே, அவசரமே இல்லை" என்று அவரிடம் சொன்னேன். அவசரம்தான். ஆனால் அழுகிற ஆள் வேகமாக இழுத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

நேரம் கிடைத்தால் உங்களுக்குப் பயிற்சி தந்த பெண்மணியிடம் கேளுங்கள், அவருக்கு முன்னால் எங்களுக்குக் கற்றுத்தந்தவர் எப்படிப்பட்டவர் என்று. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். புல்தரையில் எங்களை ஜோடி ஜோடியாகப் படுக்கவைத்து, ஒருவர் தலையில் இருந்து ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, அலுத்துப் போகிற வரைக்கும் விட மாட்டார். "கழுத்து முக்கியந்தான் தாயி. மூச்சில்லாத கழுத்தை வச்சுக்கிட்டு என்ன செய்வ?" என்பார். அன்று படகில் அவர் சொன்னது நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், இல்லை. எதுவுமே நினைவுக்கு வரவில்லை. கைதான் நினைவு வைத்திருந்தது. பிஜுவின் கையும்.

துறையில் பூங்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "கழுத்து ஒடிஞ்சு போச்சுங்களா?"

"தெரியலம்மா. மூச்சு இருக்கு. அது மட்டும் தெரியும்."

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவு எப்போது வரும் என்று எண்ணாமல் இருக்க முயன்றேன். பூங்கொடி எதிரே உட்கார்ந்து அவன் இடது கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "உனக்கு ஒண்ணும் இல்ல சாமி, ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவனுக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

தாடை எலும்பு உடைந்திருந்தது. கழுத்து எலும்பிலும் ஒரு விரிசல். அறுவை முடிந்து, கழுத்துப்பட்டையோடு வெகுநாள் படுத்துக் கிடந்தான். நடந்தான், சாப்பிட்டான், பேசினான். இடது கையில் இரண்டு விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு நாள் பூங்கொடி என்னிடம் அதைக் கேட்டார். கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

"ஏனுங்க அக்கா, நீங்க ஹெல்மெட்டக் கழட்டாம இருந்திருந்தா அந்த வெரலு வந்திருக்குமுங்களா?"

அடி பட்டபோதே கை மரத்துவிட்டது என்று அவன் சொன்னதை நான் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அந்த மோதலில் என்ன நடந்தது என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"வந்திருக்கலாம்" என்றேன்.

"அவன்?"

"அவன் இருந்திருக்க மாட்டான்."

பூங்கொடி கையில் இருந்த தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, "சாப்பிட்டீங்களா?" என்றார். இருவரும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டோம்.

இந்த வேலையில் சில கேள்விகளுக்கு முழுப் பதில் கிடைக்காது. கிடைக்காமலே மறுநாள் வேலைக்கு வர வேண்டும். வந்தேன். வந்து பார்த்தால் அந்த ஹெல்மெட்டை யாரோ கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டியிருந்தார்கள். வெளியே ஒரு கீறல் கூடத் தெரியவில்லை. மேலாளர், "நல்லாத்தானே இருக்கு? உயிரைக் காப்பாத்தின பொருள்" என்றார். உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவைதான் நசுங்கும், மறுபடி எழும்பாது. அதை விளக்கிக்கொண்டு நிற்காமல், கத்தியை எடுத்து அவர் கண் முன்னாலேயே வாரை அறுத்தேன். அறுக்காமல் வைத்தால், ஆள் குறைகிற ஒரு நாளில் யாராவது எடுத்து யாருக்காவது மாட்டிவிடுவார்கள். அடிபட்டதை அறுத்துவிடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அடுத்த விடுமுறைக் காலத்தில் கவின் வந்தான். மருத்துவர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். புது ஹெல்மெட் வாங்கியிருந்தான். இலேசானது, துளை உள்ளது, மறைப்பு இல்லாதது. வாங்குவதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்து எடை பார்த்ததாகச் சொன்னான். நான் ஆட்டிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு கழற்றச் சொன்னேன். எதிலும் குறை இல்லை.

வண்டியை இறக்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஹெல்மெட்டை மாட்டினான், பூட்டினான். இடது கையைத் தண்டின் மேல் வைத்தான். உணர்ச்சியில்லாத அந்த இரண்டு விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

துறையில் இருந்தவர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். மேலாளர், நல்ல மனதோடுதான், "நீ ஓட்டிருவே தம்பி, ஏறு!" என்று கூப்பிட்டார். என் வாயிலும் அப்படி ஒரு வார்த்தை வந்து நின்றது. அவன் எவ்வளவு நல்ல ஓட்டுநர் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற பூங்கொடி என் முகத்தைப் பார்த்தார். ஏறு என்றோ வேண்டாம் என்றோ நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு, கையைக் காட்டி மேலாளரை நிறுத்தினேன். கை தட்டலும் மெல்ல அடங்கியது.

கவின் பூட்டை அழுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"இன்னைக்கு வேண்டாமுங்க அக்கா."

செருப்போடு தண்ணீரில் இறங்கி, அவனிடம் இருந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டேன். "சரி. வண்டியைப் பிடி, கரைக்கு இழுப்போம்" என்றேன். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவன் ஒரு பக்கம். பூங்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்து பின்னால் இருந்து தள்ளினார்.